சிறுவயதுக் காயங்களை வரைந்து சொல்ல ஓர் இணையவழிக் கலை சிகிச்சைக் குழு: மதிப்புரை

சிறு வயதில் நேர்ந்த கொடுமைகளின் விளைவாகத் தம் உடலிலிருந்தும் சூழலிலிருந்தும் அவ்வப்போது விலகிப்போகிறவர்களுக்காக, கலை சிகிச்சையாளர் ஒருவர் இணையவழியில் நடத்தும் சிறு குழுவில் சில மாதங்கள் பங்கேற்றேன். தாங்க முடியாத அனுபவம் மற்ற நினைவுகளோடு சேராமல் துண்டுபட்டுத் தனியே இயங்குகிறது என்று பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே 1889-இல் எழுதியதை முதல் அமர்வில் எளிமையாக விளக்கிய அவர், அந்தத் துண்டுகளை உடனே ஒட்டிவிட முயலப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். சேர்வதா வேண்டாமா என்ற என் தயக்கம் அங்கேயே பாதி குறைந்தது.

எந்த வண்ணத்தை எப்போது கையில் தருவது என்பதில் இந்தச் சேவை காட்டும் கவனம் பாராட்டத்தக்கது. நீர்வண்ணம் நம் கட்டுப்பாட்டை மீறிப் பரவக்கூடியது என்பதால், தொடக்க அமர்வுகளில் பென்சிலும் கிரேயானும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. அதற்கடுத்துக் களிமண் வந்தது. அதன் குளிர்ச்சியும் எடையும் விரல்களை அறைக்குள்ளேயே நிறுத்திவைக்கின்றன என்பதை, கைகள் தன்னுடையவை அல்ல என்று அடிக்கடி தோன்றும் ஒருவரால்தான் முழுமையாக உணர முடியும் என்று நினைக்கிறேன். வளர்ந்த வீட்டை வரையச் சொன்னபோது, நான் அறையைக் கூரையிலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருந்தேன்: கட்டில், கதவு, கட்டிலின் மேல் கைகளே இல்லாத ஒரு சிறிய உருவம். அது யார், என்ன நடந்தது என்று சிகிச்சையாளர் கேட்கவில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டார். பல ஆண்டுகளாக வாயால் சொல்ல வராதது அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது.

எனினும், இந்தச் சேவையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது வேறொன்று. வரைவதும் விலகிப்போவதற்கான ஒரு வழியாகிவிடலாம் என்பதை இவர்கள் அறிந்திருக்கிறார்கள். தாள் முழுக்கப் புள்ளிகளையும் வலைகளையும் நிரப்பிக்கொண்டே போகும்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆழ்ந்த ஈடுபாடாகவே தெரியும். உள்ளே ஆள் இருக்க மாட்டார். (புள்ளிகளாலேயே நிறைந்த படைப்புகளுக்குப் பெயர்பெற்ற ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் ஓவியங்களைக் காட்டி, திரும்பத் திரும்ப வருகிற புள்ளி எல்லாருக்கும் ஆறுதல் தரும் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.) என் பென்சில் ஒரே சீராக ஓடத் தொடங்கியதைத் திரையில் கண்டதும், பாதங்களைத் தரையில் அழுத்தச் சொல்லி, கையிலிருக்கும் நிறத்தின் பெயரைச் சொல்லுமாறு சிகிச்சையாளர் கேட்பார். நிறத்தைச் சொல்ல எனக்குச் சில நொடிகள் பிடிக்கும். அந்தத் தாமதமே நான் எவ்வளவு தூரம் போயிருந்தேன் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

குறைகளும் உண்டு. சிவப்பு என்றால் கோபம், கறுப்பு என்றால் துயரம் என்று பொருள் சொல்லும் அட்டவணை ஒன்றை அனுப்பியிருந்தார்கள். இத்தனை நுட்பமாக நடக்கும் அமர்வுகளுக்கு அது சற்றும் பொருந்தவில்லை. இறுதி அமர்வில் படங்களை எல்லாருக்கும் காட்டும்படி கேட்டதை அதைவிடப் பெரிய தவறாகக் கருதுகிறேன். விருப்பமிருந்தால் மட்டும் என்று சொன்னார்கள் என்பது உண்மைதான். ஆனால், மறுக்கவே அனுமதிக்கப்படாத வீடுகளில் வளர்ந்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் அந்த விருப்பம் எவ்வளவு தூரம் உண்மையான விருப்பமாக இருக்கும்? அன்று கூடவே கலந்துரையாடலும் நீண்டதால், வழக்கமாக அமர்வை முடிக்கும்போது செய்யும் நிதானப் பயிற்சிக்கு நேரமில்லாமல் போயிற்று. அன்றைய இரவு எனக்கு நல்லபடியாகக் கழியவில்லை.

தனிப்பட்ட முறையில் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ ஏற்கெனவே பார்த்துவருபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அத்தகைய துணை இல்லாதவர்களும், அண்மையில்தான் நினைவுகள் திரும்பி வரத் தொடங்கியவர்களும் முதலில் தனி அமர்வுகளை நாடுவது நல்லது. சேருவதற்கு முன் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அமர்வின் நடுவில் ஒருவர் விலகிப்போனால் யார், எப்படிக் கவனிப்பார்கள், வரைந்த படங்களின் ஒளிப்படங்கள் எவரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும். முதல் கேள்விக்கு இவர்களிடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு, நான் கேட்ட பிறகுதான் எழுத்தில் ஒரு விதி வந்தது.