பொதுச்சுவருக்கும் காப்புப் பலகை ஒட்டிப் பணம் வாங்கிய ஒப்பந்ததாரர்

இருபுறமும் அண்டை வீடுகளோடு சுவரைப் பகிர்ந்து நிற்கும் பழைய வரிசை வீட்டை, குளிர்காலத்தில் வெப்பமூட்டும் செலவைக் குறைப்பதற்காகப் புதுப்பிக்க எண்ணுபவர்கள், இதைப் படித்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறுவனத்தின் பெயரை நான் வெளியிடவில்லை.

ஏமாற்று அளவுநாடாவிலேயே தொடங்கிவிட்டது. பார்வையிட வந்தவர் நான்கு சுவர்களையும் அளந்து, மொத்தப் பரப்புக்கும் வெப்பம் வெளியேறாமல் காக்கும் நுரைப்பலகை ஒட்ட வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்தார். வரிசை வீட்டின் நடுவில் இருக்கும் வீட்டுக்கு வெளிக்காற்று படுவது முன்சுவரிலும் பின்சுவரிலும் மட்டுமே. பொதுச்சுவருக்கு அப்பால் இருப்பது இன்னொருவருடைய சூடான அறை என்பதால், அதன் வழியே வெளியேறும் வெப்பம் மிகச் சொற்பம். வெளிச்சுவரோடு சேரும் மூலையில் சிறிது தூரத்துக்குப் பலகையை மடக்கி ஒட்டுவது நியாயமானது. அவர் முழு நீளத்துக்கும் ஒட்டினார். எங்கள் வீட்டில் பொதுச்சுவர்களின் பரப்பே அதிகம் என்பதால், கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் வீணானது. அறைகளும் குறுகின.

வெளிச்சுவரில் நடந்தது அதைவிட மோசம். அது இடையில் வெற்றிடம் இல்லாத, ஒன்பது அங்குலச் செங்கற்சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டது. மழையில் நனைந்து இருபக்கமும் உலரும் இயல்புடையது. அதன் உட்புறத்தில் ஈரம் கடவாத பலகையை, அதுவும் ஆங்காங்கே பசை உருண்டைகள் வைத்து, பின்னால் இடைவெளி விட்டு ஒட்டியிருந்தார்கள். 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 12 பாகைக்குக் கீழ் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீராகப் படியும். காப்புப் பலகை ஒட்டியபின் அறையின் வெப்பம் எட்டாமல் செங்கல் முன்பைவிடக் குளிர்ந்துபோகும் என்பதால், பலகை இடுக்குகளில் நுழைந்த அறைக்காற்று அங்கே போய் நீரானது.

இரண்டாம் குளிர்காலத்தில் ஓத நாற்றம் வந்தது. சுவரில் இருந்த மின்செருகியின் மூடியைக் கழற்றியபோது, உள்ளிருந்து குளிர்காற்று விரலில் வீசியது. தனியாக அமர்த்திய கட்டட ஆய்வாளர் தரைப்பலகையை எடுத்து, முன்சுவருக்குள் செருகியிருந்த உத்தரக்கட்டையின் நுனியில் திருப்புளியை அழுத்தினார். ஈரமண்ணில் இறங்குவதுபோல அது இறங்கியது. ஈரமானி 28 விழுக்காடு காட்டியது. 20-ஐத் தாண்டினாலே மரத்துக்கு உளுத்துப்போகும் ஆபத்து உண்டு. தரைக்கு அடியில் காற்றோட்டத்துக்காக முன்சுவரில் விட்டிருந்த துளைகளையும், காற்றுப்புகாமல் செய்வதாகச் சொல்லி நுரையால் அடைத்திருந்தார்கள்.

முறையிட்டபோது, வீட்டுக்குள் துணி காயப்போட்டதே காரணம் என்று கடிதம் வந்தது. உத்தரவாதப் பத்திரத்தில் நீர்ப்படிவுக்குப் பொறுப்பில்லை என்ற வரியும் சிறிய எழுத்தில் இருந்தது. ஆகவே, எந்தச் சுவருக்கு எத்தனை சதுர அடி என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கட்டை நுனிகளுக்கும் காற்றுத்துளைகளுக்கும் என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

முன்சுவரை இப்போது உரித்துவிட்டு, மரநார்ப் பலகையை இடைவெளியின்றிப் பதித்துச் சுண்ணாம்புப் பூச்சு பூசிவருகிறோம். பொதுச்சுவர்ப் பலகைகளைப் பிடுங்கக் கையில் பணமில்லை. அவை அப்படியே இருக்கின்றன. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக்கூட அவை தடுப்பதில்லை.