நூறு வாட் வானொலியும் என் தையல் மெஷினும்: ஒன்பது ஆண்டு கேட்ட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. குறைகளையும் சேர்த்து எழுதுவதாக இருக்கிறேன். ஒரு பைசா சம்பளம் வாங்காமல் அங்கே உழைக்கிறவர்கள் மனம் நோகக் கூடாது. வட சென்னையில் ரேடியோவின் முள்ளை நிதானமாக நகர்த்துகிறவர்களுக்கு எந்த நிலையம் என்று தானாகத் தெரிந்துவிடும்.

வட சென்னையில் பட்டாளம் என்ற பகுதியில் என் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ஜாக்கெட், சுடிதார், புடவைக்கு பால்ஸ் வைப்பது, பள்ளிச் சீருடை, எல்லாம் உண்டு. இந்த வேலையில் கண், கை, கால் மூன்றும் மாட்டிக்கொள்ளும். காது மட்டும் சும்மா இருக்கும். டி.வி. தையல்காரிக்கு ஆகாது. ஒரு நொடி தலை நிமிர்ந்தால் கைக்குழி கோணிவிடும், அப்புறம் அந்த வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அதனால் 2016இல் ரிச்சி தெருவுக்குப் போய் 450 ரூபாய்க்குச் சின்ன ரேடியோ ஒன்று வாங்கி வந்தேன். பாட்டு கேட்கத்தான் வாங்கினேன். பெரிய நிலையங்களுக்கு நடுவே இரைச்சலோடு ஒரு பெண் குரல், சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்த கத்தரிக்காய் வற்றலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் தும்மினார், "மன்னியுங்கள், மிளகாய் நெடி" என்றார், தொடர்ந்தார். அன்றைக்கு நிறுத்தியவள்தான், இன்றுவரை முள்ளை அதிகம் நகர்த்தவில்லை.

இப்படிப்பட்ட நிலையங்களுக்குச் சமுதாய வானொலி என்று பெயர். இந்தியாவில் முதலாவது தொடங்கியது நம் ஊரில்தான், அண்ணா பல்கலைக்கழகத்தில், 2004 பிப்ரவரி 1 அன்று. அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. 2006இல் விதி தளர்ந்த பிறகு தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்றானது. நான் கேட்பது அந்த இரண்டாவது வகை.

கேட்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒலி எப்படி என்று சொல்ல வேண்டும். சுமார்தான். சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் உச்ச சக்தி 100 வாட். ஒரு காலத்தில் என் மெஷினுக்கு மேலே தொங்கிய குண்டு பல்பும் அதே 100 வாட்தான். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. திறந்த வெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை எட்டும் என்பார்கள். நம் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு நடுவே அந்தக் கணக்கு செல்லாது. எனக்குப் புரிய இரண்டு ஆண்டு ஆன விஷயங்கள் இவை. இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைக்காதீர்கள். ஏரியலை முழுதாக நீட்டி ஜன்னல் பக்கம் வையுங்கள், ஆனால் ஜன்னல் கம்பியில் தொடவிடாதீர்கள். தையல் மெஷினுக்கு மோட்டார் பொருத்தியிருந்தால் நாலடி தள்ளி வையுங்கள், பேட்டரியில் ஓடவிடுங்கள். மோட்டார் மிதிக்கும்போதெல்லாம் வண்டு பறப்பது போல ஓர் இரைச்சல் வந்து, பேசுகிறவர் மேல் தப்பு என்று பல நாள் திட்டியிருக்கிறேன். செல்போனில் எஃப்.எம். இருந்தால் இயர்போன் கம்பிதான் அதற்கு ஏரியல். கம்பி இல்லாத புது இயர்போனை மாட்டிக்கொண்டு "வரவில்லை" என்று சொல்லாதீர்கள். இணையத்திலும் ஒலிபரப்புகிறார்கள். அது வாரத்தில் இரண்டு நாள் ஒழுங்காக வரும்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள். சம்பளம் வாங்குகிறவர் இரண்டு பேர், ஒருவர் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறார், இன்னொருவர் கணக்கு. மற்றவர்கள் பஸ் டிக்கெட்டைக்கூடத் தங்கள் கைக்காசில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், காசிமேட்டில் மீன் விற்கிற ஓர் அக்கா.

அந்த அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவருக்குப் பத்து நிமிடம். மைக்கைக் கண்டால் குரலை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. "இன்றைக்குச் சங்கரா வேண்டாம், ஐஸில் மூன்று நாள் கிடந்தது. என்னிடமே வாங்காதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்கிற ஒருவர் சொல்வதை நம்பாமல் யார் சொல்வதை நம்புவது? செவுளைத் தூக்கிப் பார்ப்பது, விரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பது, நெத்திலி கழுவும்போது தலையை எந்தப் பக்கம் கிள்ளுவது, எல்லாம் அவரிடம் கற்றதுதான்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் வாங்குகிறவர்களுக்கு அது பஞ்சகாலம். வானொலி கேட்கிறவர்களுக்கோ அதுதான் நல்ல காலம். துறைமுகத்தில் வேலை குறைந்துவிடுவதால் அக்கா தன் தோழிகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும். கருவாடு, கடன், வலை பின்னுகிற கூலி, மருமகள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். நான் மே மாதத்தில் தைத்த ஜாக்கெட்டுகளில் சிரித்துச் சிரித்துத் தையல் பிரித்தவை எத்தனை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் வீட்டு வாசற்படி ஏறியது. மெஷினைக் கட்டில் மேல் தூக்கி வைத்தோம். மின்சாரம் இல்லை, செல்போன் செத்துவிட்டது. ரேடியோவுக்கு மட்டும் பேட்டரி இருந்தது. நிலையத்திலும் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு மணிக்கு அரை மணி நேரம் மட்டும் ஒலிபரப்பினார்கள். சமுதாய வானொலி தானாகச் செய்தி தயாரித்துச் சொல்லக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை வேண்டுமானால் எடுத்து ஒலிபரப்பலாம் என்பது விதி. ஆனால் வானிலை, போக்குவரத்து, குடிநீர், மின்சாரம், பேரிடர் எச்சரிக்கை ஆகியவை அந்தத் தடைக்குள் வராது. அந்தச் சந்துக்குள் புகுந்து அந்தக் கல்லூரிப் பையன்கள் செய்த வேலை பெரிது. கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் போகாதீர்கள், இந்தத் தெருவில் பால் வந்திருக்கிறது, அந்தத் தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது, டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய ஒருவர் இன்ன இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், படகு வைத்திருப்பவர்கள் பேசுங்கள். ஒவ்வொரு தகவலையும் யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று சேர்த்தே படித்தார்கள். ஒருமுறை பால் விஷயம் தவறாகிப்போனது. அடுத்த அரை மணியில் "தவறாகச் சொல்லிவிட்டோம், அங்கே போய் ஏமாந்தவர்கள் மன்னிக்க வேண்டும்" என்றார் அந்தப் பையன். குரல் நடுங்கியது. தவறான தகவலுக்காக வானொலியில் யாரும் மன்னிப்புக் கேட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. அரசுத் திட்டத் துண்டறிக்கையை அப்படியே ஒப்பிக்கிறார்கள். "பயனாளிகள் உரிய ஆவணங்களுடன் அணுகிப் பயன்பெறுமாறு" என்று ஆரம்பித்தால் என் வீட்டுப் பூனையும் எழுந்து போய்விடும். அதே திட்டத்தை மீன்கார அக்காவிடம் கொடுத்திருந்தால் இரண்டே வரியில் முடித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மறுஒலிபரப்பு. தேர்வு வந்தால் பிள்ளைகள் காணாமல் போவார்கள். அதைவிட, கொஞ்சம் நல்ல பெயர் எடுத்தவுடன் ஒருவருக்கு வேலை கிடைத்து ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுவார். அவர் குரலுக்குப் பழகிய காது இரண்டு மாதம் தடுமாறும். வேலை கிடைத்ததற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும், ஆனாலும் எனக்குக் கோபம் வரும். தனியார் நிலையத்துப் பாணியில் மூச்சுவிடாமல் பேசுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் வரும்போது நான் காஜா எடுப்பேன். கவனம் முழுக்க அதில் போய்விடும், காதில் எதுவும் விழாது.

என் பெரிய மனக்குறை வேறு. அப்பா பின்னி மில்லில், அதாவது பி அண்ட் சி ஆலையில், நெசவுப் பிரிவில் இருந்தவர். 1996இல் ஆலை மூடியபோது வீட்டுக்கு வந்தவர் கடைசிவரை காலை ஐந்து மணிக்கு எழுவதை விடவில்லை. 2019 ஜூனில் அந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் பழைய மில் தொழிலாளர்களைப் பேசவைத்தார். 1918இல் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆசிரியர் அதைக் கேட்கவில்லை. "சாப்பாட்டுத் தூக்கில் அம்மா என்ன கட்டிக்கொடுப்பார்கள்?" என்று கேட்டார். அப்பா என்னிடம் நாற்பது ஆண்டில் சொல்லாததை அங்கே சொன்னார்: தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அதனால் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசப் பழகியிருந்தார்களாம், வீட்டிலும் அவர் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான். கடைசியில் மில் சங்கு எப்படி ஊதும் என்று ஆசிரியர் கேட்க, அப்பா வாயாலேயே ஊதிக் காட்டினார்.

நவம்பரில் அப்பா போய்விட்டார். டிசம்பரில் பதிவைக் கேட்டு நிலையத்துக்குப் போனேன். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் வைத்துக்கொள்ள அவர்களிடம் ஹார்டு டிஸ்கில் இடமில்லை. அழித்துவிட்டார்கள். கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் எவ்வளவோ தேடினார். சங்கொலி மட்டும் இருந்தது. அந்த நிகழ்ச்சிக்கு முகப்பொலியாக வைக்க அதைத் தனியே வெட்டி வைத்திருந்தார்கள். ஆறு விநாடி. அதிலும் ஊதி முடித்து அப்பா இருமிச் சிரிப்பதை வெட்டிவிட்டார்கள். புதன்கிழமை மாலை நாலு மணிக்கு அது வரும். நான் மெஷினை நிறுத்தி டீ போட எழுந்துகொள்வேன். மற்ற குடும்பங்களுக்காகச் சொல்கிறேன், வீட்டுப் பெரியவர்கள் பேசினால் அடுத்த வாரமே ஒரு பென்டிரைவோடு போய் நில்லுங்கள்.

அன்றைக்குத்தான் ஸ்டுடியோவை முதன்முதலாகப் பார்த்தேன். பத்துக்குப் பத்து அறை, சுவர் முழுக்க முட்டை அட்டை. எனக்குப் பல நாளாக ஒரு சந்தேகம்: இவர்கள் பேசுவது ஏன் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது? முட்டை அட்டை எதிரொலியை அதிகம் தடுக்காது, கனமான துணிதான் வேண்டும், வாங்கக் காசில்லை என்றார் கருவிக்காரர். துணி என்றால் என் பாடு. சோபா உறை தைக்கிற கடையில் மிச்சம் விழுந்த கெட்டித் துணிகளை வாங்கி ஒட்டுப் போட்டுத் திரை தைத்தேன். சுவரில் தட்டையாகத் தொங்கவிட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்; சுவரின் நீளத்துக்கு இரண்டு பங்கு துணி எடுத்துக் கொசுவி விட்டோம். மாட்டி முடித்து ஒருவர் கைதட்டிப் பார்த்தார். தட்டிய சத்தம் அங்கேயே செத்து விழுந்தது. ஒன்பது ஆண்டில் நான் கொடுத்தவற்றில் உருப்படியானது அதுதான்.

பணமும் கொடுக்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் அஞ்சல் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். 1924இல் இதே சென்னையில் ஆர்வலர்கள் சேர்ந்து வானொலி மன்றம் அமைத்து ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927இல் அது நின்றது. கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. நம் ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். ஆர்வம் மட்டும் இருந்தால் எத்தனை நாள் ஓடும் என்பதற்கு அந்த மூன்று ஆண்டு கணக்கு இருக்கிறது. இப்போது மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம் என்று 2024இல் உயர்த்தியிருக்கிறார்கள். அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய். ஆனால் விளம்பரம் வந்தால்தானே? எங்கள் நிலையத்தில் பெரும்பாலும் ஒரு ஜவுளிக் கடையும் ஒரு கண்ணாடிக் கடையும்தான்.

புயலுக்குப் பிறகு இன்வெர்ட்டர் பேட்டரி மாற்ற நேயர்களிடம் கேட்டார்கள். கொடுத்தவர்களின் பெயரைத் தினமும் மாலையில் படித்தார்கள். "ஓட்டேரி, பெயர் வேண்டாம், இருபது ரூபாய்." "வியாசர்பாடி கால்பந்துப் பிள்ளைகள், முந்நூற்றுப் பத்து ரூபாய்." "காசிமேடு, பணமில்லை, வஞ்சிரம் ஒரு கிலோ, ஏலம் விட்டதில் எண்ணூறு." நான் ஐந்நூறு கொடுத்திருந்தேன். மூச்சுவிடாமல் பேசுகிற அந்தத் தம்பிதான் அன்று படித்தார். என் பெயரைத் தவறாகப் படித்துவிட்டார். போன் செய்து சொன்னேன். "ஐயோ அக்கா, நாளைக்குத் திருத்திவிடுகிறேன்" என்றார். மறுநாள் பெயரைச் சரியாகச் சொன்னார், தொகையை ஐயாயிரம் என்று படித்துவிட்டார். தெருவில் இரண்டு பேர் என்னிடம் கைமாற்று கேட்டுவிட்டார்கள்.