சிபிஆர் வகுப்பு: பெரியவர் பகுதி அருமை, கைக்குழந்தை பகுதி போதவில்லை

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி, மூச்சு ஊதி உயிரைக் காக்கும் சிபிஆர் முதலுதவியை வீடியோவில் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். ஆனால் அக்கா தன் ஐந்து மாதக் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய பிறகுதான், ஏதாவது ஆனால் என் கை என்ன செய்யும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. அதனால் நாலு மணி நேரப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன்.

முதல் பாதிக்கு முழு மார்க் கொடுக்கலாம். பேச்சு குறைவு, அரை மணி நேரத்துக்குள் எல்லோரும் தரையில் மண்டியிட்டு ஆளுக்கொரு பொம்மையோடு உட்கார்ந்துவிட்டோம். பெரியவர்களுக்கு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். ஆழம் சரியாக இருந்தால் பொம்மைக்குள் 'டிக்' என்று சத்தம் வரும். எனக்கு வரவே இல்லை. பயிற்றுநர் பக்கத்தில் வந்து, "கையால தள்ளாதீங்க, முழங்கைய மடக்காம உடம்ப மேல சாய்ங்க" என்றார். தோள் இரண்டும் கைக்கு நேர் மேலே வந்ததும் டிக் டிக் என்று வர ஆரம்பித்தது, இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. இரண்டு நிமிடத்தில் கை துவண்டுவிடுகிறது, அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறச் சொல்கிறார்கள். களைத்தவர்கள் தெரியாமல் செய்யும் தப்பையும் காட்டினார்: கை நெஞ்சின்மேல் சாய்ந்தபடியே இருந்துவிடும், நெஞ்சு முழுசாக மேலே எழும்பாது, இதயத்தில் ரத்தம் திரும்ப நிரம்பாது.

எனக்குள் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. இதயம் நின்றவர் சில சமயம் மீன் போல வாயைத் திறந்து, விட்டு விட்டு மூச்சு இழுப்பார். பார்ப்பவர்கள் 'மூச்சு இருக்கிறதே' என்று காத்திருந்துவிடுவார்கள். அது மூச்சே இல்லை. கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, மூச்சு சரியில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். பயிற்றுநர் அந்த மூச்சைத் தானே நடித்துக் காட்டியபோது அறையே அமைதியாகிவிட்டது.

நின்ற இதயத்துக்குத் தேவைப்பட்டால் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியையும் தொட்டுப் பழகினோம். அது தானே பேசி வழி சொல்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். குழந்தைகளுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சு தடைபட்டதால்தான், அதனால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு ஊதுவது அவர்களுக்கு மிகவும் முக்கியம். அந்தப் பகுதிக்குக் கடைசி நாற்பது நிமிடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். 14 பேருக்கு ஒரே ஒரு கைக்குழந்தைப் பொம்மை. எனக்குக் கிடைத்தது ஒரு சுற்று மட்டும். உள்ளங்காலைத் தட்டிப் பார்ப்பது, தலையை அதிகம் சாய்க்காமல் வைப்பது, குழந்தையின் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து நம் வாயால் மூடி நெஞ்சு லேசாக எழும்பும் அளவுக்கு மட்டும் ஊதுவது, சுமார் 4 செ.மீ. அழுத்துவது, இத்தனையும் ஒரே மூச்சில் காட்டினால் கையில் நிற்குமா?

கொடுத்த தாளும் பழசு. அதில் கைக்குழந்தைக்கு இரண்டு விரலால் அழுத்தச் சொல்லி இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2025-இல் அந்த முறையைக் கைவிட்டு, குழந்தையின் மார்பை இரு கையாலும் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலால், அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தச் சொல்லிவிட்டது. பயிற்றுநர் புது முறையைத்தான் காட்டினார், ஆனால் வீட்டுக்குப் போய்த் தாளைப் பார்ப்பவருக்குக் குழப்பம்தானே.

வகுப்பு முடிந்ததும் போய்க் கேட்டேன். முகம் சுளிக்காமல் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், அந்த மனசுக்கு நன்றி.

சேரும் முன், கைக்குழந்தைப் பொம்மை எத்தனை இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நான் அடுத்து குழந்தைகளுக்குச் செய்யும் சிபிஆரை மட்டும் சொல்லித்தரும் தனி வகுப்புக்குப் போகப் போகிறேன், இந்தத் தடவை அக்காவையும் கூட்டிக்கொண்டு.