நெட்ஃபிளிக்ஸ் சந்தா: எந்தத் திட்டம் கொடுக்கும் பணத்துக்குத் தகும்?

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இந்தியாவில் நான்கு மாதச் சந்தாத் திட்டங்களை வைத்திருக்கிறது. கைபேசித் திட்டம் 149 ரூபாய், அடிப்படைத் திட்டம் 199 ரூபாய், அதற்கு அடுத்தது 499 ரூபாய், எல்லாவற்றுக்கும் மேலானது 649 ரூபாய். நான்கிலும் கிடைக்கும் படங்களும் தொடர்களும் ஒன்றேதான். எதிலும் இடையே விளம்பரம் வருவதில்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் படத்தின் தெளிவுக்கும், ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் பார்க்கலாம் என்பதற்குமே போகிறது. ஒரு தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் உள்ள வீட்டுக்கு 199 ரூபாய்த் திட்டமே போதுமானது என்பதும், அதையும் ஆண்டு முழுவதும் விடாமல் வைத்திருக்கத் தேவையில்லை என்பதும் என் மதிப்பீடு.

2016 ஜனவரியில் இத்தளம் இந்தியாவுக்கு வந்தபோது மிகக் குறைந்த கட்டணமே மாதம் 500 ரூபாயாக இருந்தது. அந்தத் தொகைக்குக் கேபிள் இணைப்பைச் சில மாதங்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், நடுத்தரக் குடும்பங்கள் அதன் பக்கம் திரும்பாததில் வியப்பில்லை. 2019இல் கைபேசிக்கு மட்டுமான திட்டத்தை 199 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். பின்னர், 2021 டிசம்பரில், கைபேசித் திட்டத்தை 149 ரூபாய்க்கும், அதுவரை 499 ரூபாயாக இருந்த அடிப்படைத் திட்டத்தை 199 ரூபாய்க்கும் இறக்கினார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் உரிமை பாதிக்கும் குறைவான விலைக்கு வந்தது அன்றுதான்.

இந்த 199 ரூபாய்த் திட்டத்தில் படம் 720பி தெளிவில் வரும். 32 அங்குலப் பெட்டியில் பத்தடி தள்ளி அமர்ந்து பார்ப்பவருக்கு இதற்கும் இதைவிடத் தெளிவான 1080பிக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 50 அங்குலத்தைத் தாண்டும்போது, குறிப்பாக இருட்டான காட்சிகளிலும் சிறிய எழுத்துகளிலும், அது தெரியத்தான் செய்யும். இத்திட்டத்தின் உண்மையான குறை தெளிவில் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு திரையில் மட்டுமே பார்க்க முடியும் என்பதால், கூடத்தில் அம்மா தொடர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் மகள் தன் கைபேசியில் வேறொன்றைத் தொடங்க இயலாது. இந்த நெருக்கடி வீட்டில் அன்றாடம் எழுந்தால் மட்டுமே 499 ரூபாயைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கைபேசித் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகத் தொலைக்காட்சியை முற்றிலும் இழக்க வேண்டியிருக்கிறது. கைபேசியிலிருந்து பெட்டிக்கு அனுப்பிப் பார்க்கவும் வழியில்லை. விடுதியில் தனியே தங்கிப் படிப்பவருக்கும் வேலைக்குச் செல்பவருக்கும் வேண்டுமானால் இது பொருந்தலாம். அவர்களும் டேட்டா கணக்கைக் கவனித்தாக வேண்டும். நடுத்தரத் தரத்தில் மணிக்கு 0.7 ஜிபி வரை செலவாகும் என்று நிறுவனமே சொல்கிறது. அப்படியானால் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று 1.75 ஜிபியை எடுத்துக்கொள்ளும், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் படம் முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். செயலியின் அமைப்புகளில் டேட்டாவைச் சேமிக்கும் தெரிவை இயக்கினால் ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பார்க்கலாம். வைஃபை கிடைக்குமிடத்தில் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வது அதனினும் நல்லது.

649 ரூபாய்த் திட்டத்தில் 4கே எனப்படும் மிக உயர்ந்த தெளிவையும் நான்கு திரைகளையும் ஒரே கட்டாகக் கட்டி விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நல்ல பெட்டி வாங்கி வைத்திருக்கும், இருவர் மட்டுமே வாழும் வீட்டுக்கு நான்கு திரைகள் எதற்கு? அவர்கள் பயன்படுத்தாத இரண்டு திரைகளுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். முன்பு அந்த மிச்சத் திரைகள் உறவினருக்கும் நண்பருக்கும் போயின. 2023 ஜூலையில் ஒரு கணக்கு ஒரே வீட்டில் வசிப்போருக்கு மட்டும் என்ற விதியை இந்தியாவிலும் நடைமுறைப்படுத்தியபோது, வேறு சில நாடுகளில் உள்ளதைப் போலத் தனிக் கட்டணம் கட்டி வெளியூரில் இருக்கும் ஒருவரைச் சேர்க்கும் வசதியை இங்கே தரவில்லை. மதுரையில் பெற்றோரும் பெங்களூரில் பிள்ளைகளுமாகப் பிரிந்து வாழும் எத்தனையோ குடும்பங்களுக்கு இவ்விதி பொருந்தவே பொருந்தாது.

உள்ளடக்கத்துக்கு வருவோம். பெரிய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் திரையரங்கில் வெளியாகி நான்கு வாரங்கள் கழிந்ததும் ஏதாவதொரு தளத்துக்கு வருகின்றன. எந்தத் தளம் என்பது ஒவ்வொரு படத்தின் உரிமை விற்பனையைப் பொறுத்தது. ஆகவே ஒரே சந்தாவில் புதிய தமிழ்ப் படங்கள் அனைத்தையும் பார்த்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு வீண். வாங்கிய உரிமைக்கும் காலக்கெடு உண்டு. அது முடிந்ததும் படம் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். கறுப்பு வெள்ளைக் காலத் தமிழ்ப் படங்களைத் தேடுபவர்கள் இங்கே ஏமாற்றமே அடைவார்கள். அவற்றுள் பல யூடியூபில் கட்டணமின்றியே கிடைக்கின்றன. இத்தளத்தின் வலிமை வெளிநாட்டுத் தொடர்களிலும் ஆவணப்படங்களிலும்தான் இருக்கிறது. கொரிய, ஸ்பானியத் தொடர்களுள் புகழ்பெற்ற சிலவற்றைத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம் என்பதால், ஆங்கிலம் அறியாத முதியவர்களும் அவற்றை விரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆனால் எழுத்து வடிவத் தமிழுக்கு அந்த அக்கறை காட்டப்படவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டும். தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு ஆங்கிலத் துணையுரை (சப்டைட்டில்) இருக்கும். தமிழ்த் துணையுரை இருக்காது. செவித்திறன் குறைந்த ஒரு தமிழர் தம் மொழிப் படத்தையே ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ள நேர்கிறது. ஆங்கிலம் தெரியாவிட்டால் அவருக்குப் படமே இல்லை. பேசுவது தெளிவாகக் கேட்காத வயதில் இருக்கும் பெற்றோருடன் அமர்ந்து பார்ப்பவர்களுக்கு இக்குறையின் கனம் தெரியும். மொழிமாற்றுக் குரலுக்குச் செலவிடும் நிறுவனத்துக்கு, ஏற்கெனவே தமிழில் இருக்கும் உரையாடலை எழுத்தில் தருவது தாங்க முடியாத செலவாக இருக்க முடியாது.

விலையை அமேசான் பிரைமுடன் ஒப்பிடுவோர் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். பிரைமின் ஆண்டுக் கட்டணம் 1,499 ரூபாய். 2025 ஜூனிலிருந்து அதன் காணொளிகளில் விளம்பரம் வருவதால், அதை நீக்க ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 2,198 ரூபாய். நெட்ஃபிளிக்ஸின் 199 ரூபாய்த் திட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கட்டினால் 2,388 ரூபாய் ஆகும். இடைவெளி இருநூறு ரூபாய்க்கும் குறைவு. பொருள்களை இணையத்தில் அடிக்கடி வாங்கும் வீட்டுக்குப் பிரைம் கூடுதல் பயன் தரும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே இந்த விலை கிடைக்க ஆண்டுப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸில் ஆண்டுச் சந்தாவே கிடையாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ இதுவே இதன் பெரிய வசதியாகத் தோன்றுகிறது. பார்க்க வேண்டியவை நான்கைந்து சேரும்வரை காத்திருந்து, பள்ளி விடுமுறையை ஒட்டி ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். சந்தாவைத் தொடங்கிய அன்றே ரத்து செய்தாலும், கட்டிய மாதம் முடியும்வரை பார்க்க முடியும். பார்த்தவற்றின் பட்டியலும் குடும்பத்தினரின் தனித்தனிப் பக்கங்களும் (புரொஃபைல்) பத்து மாதங்கள் வரை அழியாமல் இருப்பதால், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தி வரும்வரை காத்திருக்காமல், சந்தா எடுத்த கையோடு கணக்குப் பக்கத்துக்குச் சென்று ரத்து செய்துவிடுவதே பாதுகாப்பானது. மாதந்தோறும் தானாகப் பணம் எடுக்க அனுமதி தரும் யுபிஐ ஆட்டோபே மூலம் கட்டியவர்கள் தங்கள் யுபிஐ செயலியிலும் அந்த அனுமதி நீங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.