பயிலரங்கமா, வகுப்பறை வழிகாட்டலா?

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய வகுப்பை நடத்தும் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சியும் வேண்டும் என்று 1994-இல் யுனெஸ்கோவின் சிறப்புத் தேவைக் கல்வி மாநாட்டில் வந்த சலமாங்கா அறிக்கையே சொல்லிவிட்டது. எந்த வடிவில் என்பதில்தான் பலருக்கும் குழப்பம்: எல்லோரும் ஓரிடத்தில் கூடும் பயிலரங்கமா, வழிகாட்டி ஒருவர் வகுப்புக்கே வந்து பார்த்துச் சொல்லும் வழிகாட்டலா?

செலவு: பயிலரங்கில் நூறு பேர் சேர்ந்து உட்காரலாம். வழிகாட்டி ஒருவரால் வாரத்துக்குச் சில வகுப்புகளுக்கே போக முடியும்.

நிலைப்பு: பயிலரங்கக் குறிப்புகள் பெரும்பாலும் கோப்போடு நின்றுவிடும். வழிகாட்டல் அப்படியில்லை. செவித்திறன் குறைந்த குழந்தை முன்னால் இருக்க, ஆசிரியர் பலகையைப் பார்த்தபடியே பேசுகிறார்; உதட்டசைவு தெரியவில்லை. வழிகாட்டி அதை அன்றைக்கே எடுத்துச் சொல்வார், அப்புறம் அடுத்த வாரமும் வந்து பார்ப்பார். பழக்கம் மாறுவது இப்படித்தான்.

எளிமை: பயிலரங்கம்தான். இன்னொருவர் நம் வகுப்பைக் கவனிப்பது முதலில் கூச்சமாகவே இருக்கும்.

டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் சிரமம்), ஆட்டிசம் பற்றி அடிப்படை அறிமுகம் போதுமென்றால் பயிலரங்கம் சரி. அப்படியொரு குழந்தை ஏற்கெனவே உங்கள் வகுப்பில் இருந்தால், தயங்காமல் வழிகாட்டியைக் கேளுங்கள்.