பார்வதிபுரம் பாலத்தடிச் சைக்கிள் கடை: கோவாவுக்குப் பெட்டி கட்ட ஏற்ற இடம்

கோவா ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) போய்வந்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் நீச்சலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "கடல்லயா டீச்சர்? பயமா இல்லையா?" சைக்கிளை எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் அடுத்த தடவை போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கடை நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலத்துக்கு அடியிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டார். "நெட்டுல போட்டா ஆளு கூடும் டீச்சரே, நமக்குக் கை ரெண்டுதானே இருக்கு." கண்டுபிடிக்க சிரமமில்லை. வாசலில் பிளஸ் ஒன் பிள்ளைகளின் விலையில்லா சைக்கிள்கள் பஞ்சருக்கு வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவில் மெலிந்த டயர் வைத்த ரோடு பைக் ஒன்று கயிற்றில் தொங்கும். கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தக்கலைப் பக்கம் கணக்கு டீச்சர். கூட்டுக்காரி முட்டத்துக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் கடல், எனக்குச் சைக்கிள், ஓட்டம் இரண்டு பேருக்குமே வராது. கோவாவில் 2019-ல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 பந்தயத்துக்குப் பதிந்தோம். 70.3 என்பது மைல் கணக்கு. கிலோமீட்டரில் 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், ஆக மொத்தம் 113. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் பணம் கட்டினோம். இரண்டு சைக்கிளை நாகர்கோவிலிலிருந்து பணஜி வரைக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வி பணம் கட்டின பிறகுதான் வந்தது.

திருவனந்தபுரம் போய் விமானம் ஏறலாம், ஆனால் பெட்டியின் எடைக்கும் அளவுக்கும் தனித்தனியாக அழ வேண்டும். டயருக்குக் காற்றடிக்கிற அந்தச் சின்ன வாயுக் குப்பியைச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். ரயில்தான் எங்களுக்குச் சரியாக இருந்தது. நாகர்கோவில் சந்திப்பிலிருந்து கொங்கண் வழியாகப் போகும் காந்திதாம் எக்ஸ்பிரஸ் கோவாவின் மட்காவ் ஸ்டேஷனில் நிற்கும். அந்த வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான், அதனால் லீவை அதற்கேற்றபடி போட வேண்டும். ரயிலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெட்டி 100 × 60 × 25 செ.மீ.க்கு மேல் போனால் நம்மோடு உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. லக்கேஜாகப் பதிந்து லக்கேஜ் வேனில் போட வேண்டும். எந்த ரோடு பைக்கும் அந்த அளவுக்குள் மடங்காது. வேனில் அதற்கு மேல் மீன்பெட்டி ஏறலாம், மூட்டை ஏறலாம், இன்னொருவரின் பைக்கே ஏறலாம். அதைத் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும்.

கூட்டுக்காரி முதலில் வெளியூரிலிருந்து ஒரு சைக்கிள் பையை வாடகைக்கு வரவழைத்தாள். பார்க்க ஜோராக இருந்தது, உருட்டிப் போக சக்கரமும் உண்டு. ஜிப்பில் பாதிப் பல் இல்லை. பக்கவாட்டில் விரலால் அமுக்கினால் உள்ளே போனது. அதைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனோம். அவர் பையை ஒரு பார்வை பார்த்தார். "இது துணி கொண்டுபோற பை மக்ளே" என்று ஓரமாகச் சாய்த்துவைத்தார். புதுச் சைக்கிள் வருகிற அட்டைப் பெட்டி இரண்டைப் பரணிலிருந்து இறக்கினார்.

இந்தக் கடையில் பெட்டி கட்டித் தர மாட்டார்கள். நம்மைத்தான் கட்ட வைப்பார்கள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. காசு கொடுக்கிறோம், வேலையும் நாமே செய்ய வேண்டுமா? அண்ணன் சொன்ன பதில்: "இங்க நான் கட்டிருவேன். அங்க போயி யாரு பூட்டுவா?" நாம் கழற்ற வேண்டும், அவர் பார்ப்பார். அப்புறம் அவர் கை படாமல் திரும்ப மாட்டி, சந்து முனை வரை ஓட்டிக் காட்ட வேண்டும். மறுபடி கழற்றினால்தான் பெட்டிக்குள் போகும். எங்கள் சனிக்கிழமை முழுக்க இதில் போனது.

பெடலில் ஆரம்பித்தோம். இடது பெடலுக்கு எதிர்மரை என்பது படித்துத் தெரிந்ததுதான், ஆனால் கையில் ஸ்பேனர் இருக்கும்போது மூளை வேறுபக்கம் சொல்லும். அவர் கணக்கு எளிது: ஸ்பேனரை மேலே நிமிர்த்திப் பிடி, ரெண்டு பெடலும் பின்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பினால் அவிழும், முன்சக்கரத்தைப் பார்த்துத் திருப்பினால் முறுகும். இனி மறக்காது. பிறகு பின்பக்கம் சங்கிலியைக் கியருக்குக் கியர் தள்ளிவிடுகிற டீரெய்லர். அதை ஃபிரேமோடு சேர்க்கிற ஹேங்கர் என்ற சின்னத் தகடு வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்தது. அடி விழுந்தால் ஃபிரேம் பிழைக்க அது வளையும். வளைந்துவிட்டால் கியர் ஒன்றும் ஒழுங்காக ஏறாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அச்சு, அவசரத்துக்கு எங்கேயும் கிடைக்காது. டீரெய்லரைக் கழற்றி, பழைய துணியில் சுற்றி, ஃபிரேமின் உள்பக்கம் கட்டச் சொன்னார். உதிரி ஹேங்கர் ஒன்று ஆர்டர் போட்டு டூல் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். செய்தோம்.

முன்சக்கரத்தை எடுத்துவிட்டால், அதைப் பிடித்திருந்த ஃபோர்க்கின் இரண்டு காலும் வெறுமனே நிற்கும். மேலே பாரம் ஏறினால் முதலில் அமுங்குவது அதுதான். அண்ணனின் ரப்பர் மரக் கட்டை இங்கேதான் வருகிறது. குலசேகரம் பக்கம் மரம் அறுக்கிற இடத்திலிருந்து வாங்கிவைத்த துண்டுகளை 100 மி.மீ.க்கு அறுத்து, இரண்டு முனையிலும் போல்ட் இறக்கி வைத்திருக்கிறார். ஃபோர்க்கின் இடையில் அதை வைத்து முறுக்கினால் ஆள் ஏறி நின்றாலும் அசையாது. கூட்டுக்காரியின் சைக்கிள் டிஸ்க் பிரேக். சக்கரம் இல்லாத நேரத்தில் தெரியாமல் பிரேக் லீவரைப் பிடித்துவிட்டால் உள்ளே இருக்கிற பிரேக் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு நடுவே மடித்த அட்டை செருகினார்.

அவள் சைக்கிள் கார்பன், செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதைத் தொட அண்ணனுக்குத் தயக்கம். "கார்பன்னா எனக்குப் பயம் டீச்சரே, பொட்டுன்னா போச்சு." ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மில் 5 என்.எம். (எவ்வளவு முறுக்கலாம் என்ற அளவு, நியூட்டன் மீட்டர்) என்று அச்சடித்திருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். யாரிடமோ அந்த அளவுக்கு மட்டும் முறுக்குகிற டார்க் ரென்ச் இரவல் வாங்கிவந்தார். நாலு போல்ட்டையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வைத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. சீட் கம்பி எவ்வளவு உயரம், ஹேண்டில்பார் எந்தச் சாய்வு என்பதைக் குறித்துவைக்க டேப் ஒட்டலாம் என்றார். வியர்வையில் டேப் நகரும் என்று இவள் பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக் கோடு போட்டாள். அண்ணன் அந்தக் குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை.

பெட்டியைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார். அது இவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் அப்பா வலை முடிகிற நைலான் கயிற்றைக் கொண்டுவந்து, பட்டையை அறுத்துவிட்டு, இரண்டு கைப்பிடி வருகிற மாதிரி வேறொரு முடிச்சுப் போட்டாள். "ஏட்டி, அவரு மூஞ்சியப் பாரு, கோவப்படப் போறாரு" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் குனிந்து அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இத எனக்குச் சொல்லித் தா மக்ளே." இப்போது அவர் கடையில் அந்த முடிச்சுதான்.

ஷூ, ஹெல்மெட், கண்ணாடி, பந்தய உடை எதையும் பெட்டியில் வைக்க விடவில்லை. பெட்டி தவறினால் சைக்கிள் இரவல் கிடைக்கும், கால் அளவுக்கு ஷூ கிடைக்காது. பெட்டியின் எல்லாப் பக்கமும் பெயர், பி.என்.ஆர்., இறங்கும் ஊர் எழுத வைத்தார்.

மட்காவில் இறக்கும்போது என் பெட்டியின் ஒரு மூலை அமுங்கியிருந்தது. உள்ளே ஒரு கீறல் இல்லை, மரக்கட்டை அப்படியே நின்றது. பணஜியில் ரூமின் தரையில் பேப்பர் விரித்து இரண்டு சைக்கிளையும் திரும்ப மாட்டிப் பூட்டினோம். என் சைக்கிளில் ஒரு பல்சக்கரத்தில் மட்டும் சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டது. கேபிள் வந்து சேருகிற இடத்தில் இருக்கிற குட்டித் திருகைக் கால் சுற்று திருப்பினால் போதும் என்று அவர் காட்டியிருந்தார். போதுமானதாகவே இருந்தது. மறுநாள் பந்தயத்துக்காரர்களிடம் சைக்கிளை ஒப்படைக்கப் போனால், பிரேக் பிடிக்கிறதா, ஹேண்டில்பார் முனையில் மூடி இருக்கிறதா என்று பார்த்து உள்ளே விட்டார்கள். அங்கே மெக்கானிக்குக்குக் காத்திருந்த வரிசையில் நல்ல விலையுள்ள சைக்கிள்கள் பல நின்றன. வளைந்த ஹேங்கரோடு ஒருவர் போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பந்தயத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. முட்டத்துப் பாறைகளுக்கு இடையில், மாமா வள்ளத்தில் கூட வர, நீவாட்டை (கடல் நீரோட்டத்தை) எதிர்த்து நீந்திப் பழகினவளுக்குப் பணஜியின் மிராமர் கடல் பெரிய விஷயமாக இல்லை. எனக்கு அப்படியில்லை, ஆனாலும் நீச்சலுக்கு உரிய 1 மணி 10 நிமிடத்துக்குள் கரையேறினேன். சைக்கிளில் கியர் ஒருதடவைகூடத் தடுமாறவில்லை. ஓட்டம் வெயிலோடு வெயில். இரண்டு பேரும் நேரத்துக்குள் முடித்தோம்.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. புவிசார் குறியீடு வாங்கின நம்மூர் மட்டிப் பழத்தை ஆசையாகக் கொண்டுபோகாதீர்கள், ரயிலிலேயே குழைந்துவிடும். பாதி பழுத்த ஏத்தன் (நேந்திரன் வாழை) கொண்டுபோங்கள், பந்தயத்தன்று சரியாகப் பழுத்திருக்கும். உப்புக்கு நேந்திரங்காய் சிப்ஸ், இனிப்புக்குக் கருப்பட்டித் துண்டு. கூட்டுக்காரி எனர்ஜி ஜெல் பாக்கெட் மேல் நம்பிக்கை வைத்தாள். பாதி வழியில் என்னிடம் கருப்பட்டி இருந்ததை நினைத்து வருத்தப்பட்டாளாம்.

இனி குறைகள். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் கிடையாது. ஞாயிறு கோயிலுக்குப் போவார், கடை பூட்டு. பள்ளி விட்ட நேரத்தில் போனால் பிள்ளைகளின் பஞ்சர்தான் முதலில், நம் சைக்கிள் லட்ச ரூபாய் என்றாலும் காத்திருக்க வேண்டும் (இது எனக்குப் பிடித்த குறை). பெண்கள் நாள் முழுக்க நிற்பதாக இருந்தால் பாத்ரூமுக்குப் பெட்ரோல் பங்க் வரை நடக்க வேண்டியிருக்கும். பேட்டரியில் ஓடுகிற கியர், ட்யூப் இல்லாத டயர் இரண்டையும் தொட மாட்டார். சீட் உயரத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அக்குளில் சீட்டை வைத்துக் கையை நீட்டி, பெடல் தண்டுகள் சுற்றுகிற நடு அச்சு வரை அளக்கிற பழைய முறையிலேயே நிற்கிறார். என் சீட்டை இறக்கப் பார்த்தார், நான் நெயில் பாலிஷ் கோட்டைக் காட்டிவிட்டேன்.

ஆனால் காற்றைப் பற்றி அவர் சொன்னால் கேளுங்கள். உயரமான விளிம்பு வைத்த சக்கரம் வாங்கலாமா என்று கேட்டபோது, "ஆடியில ஆரல்வாய்மொழி கணவாய்ல ஒரு தடவ ஓட்டிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றார். காற்றாலைகளுக்குக் கீழே பக்கவாட்டில் அடிக்கிற காற்று சாதாரணச் சக்கரத்திலேயே என்னை வெள்ளைக் கோட்டிலிருந்து மண்ணுக்குத் தள்ளியது. அந்தச் செலவு மிச்சம்.

பெட்டி, மரக்கட்டை, ஃபிரேமில் சுற்றுகிற பஞ்சுக் குழாய், பாடம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 700 ரூபாய் வாங்கினார். அந்தச் சைக்கிள் பையின் வாடகையாக அவள் கொடுத்தது அதைவிடப் பல மடங்கு. காலிப் பெட்டி எப்போதும் இருக்காது, ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். கிரீஸ் படப்போவதால் பழைய சட்டை போட்டுப் போங்கள். பணத்தைக் கையில் கொண்டுபோங்கள். ஜீபே அட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் அது பெங்களூரில் வேலை பார்க்கிற மகனின் கணக்கு. பணம் வந்ததா என்று அவர் மகனுக்குப் போன் போட்டு, ஊர் விசேஷம் எல்லாம் பேசி முடிக்கிற வரை நீங்கள் நகர முடியாது.