பிரோமிதியஸ் + கிராஃபானா: ஓஎம்ஆர் அலுவலகத்துக்குச் சரிப்படுமா?

முப்பது, நாற்பது சர்வர். பாதி அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் மும்பையில், மீதி கிண்டியிலோ ஓஎம்ஆரிலோ அலுவலக ரேக்கில். இவற்றைக் கண்காணிக்க, எண்களைச் சேகரித்து அலர்ட் எழுப்பும் பிரோமிதியஸும் அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவும் தாராளமாகப் போதும். இரண்டும் ஓப்பன் சோர்ஸ் என்பதால் லைசென்ஸ் செலவு கிடையாது. செலவெல்லாம் ஆள் நேரத்தில்தான், அதிலும் அலர்ட்டைச் சீர்செய்வதில்தான் போகும்.

நிறுவுவது எளிது. சர்வரின் சிபியூ, மெமரி போன்ற எண்களை வெளியே தரும் சின்ன புரோகிராம்தான் எக்ஸ்போர்ட்டர். லினக்ஸ் சர்வர் ஒவ்வொன்றிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் (போர்ட் 9100), விண்டோஸில் விண்டோஸ் எக்ஸ்போர்ட்டர் (9182). பிரோமிதியஸ் (9090) தானே போய் எண்களை எடுத்து வரும். கான்ஃபிக் ஃபைலில் ஸ்பேஸுக்குப் பதில் டேப் விழுந்தால் ரீலோட் ஆகாது. முதலில் அதனுடன் வரும் சோதனைக் கருவியான பிராம்டூலில் சோதித்துவிடுங்கள். 9100-ஐ இணையத்துக்கே திறந்துவைக்கும் பழக்கம் மோசமானது. அதற்குப் பாஸ்வேர்டு நாமாகப் போட்டால்தான் உண்டு.

டிஸ்க் பயம் வேண்டாம். ஒருமுறை எடுத்த ஓர் எண், அதாவது ஒரு சாம்பிளுக்கு 1 முதல் 2 பைட். 50 சர்வர், சர்வருக்கு 1,000 சீரிஸ் (தொடர்ந்து பதிவாகும் அளவீடு), 15 விநாடிக்கு ஒருமுறை என்றால், இயல்பான 15 நாள் சேமிப்புக்கு 9 ஜிபிக்குள் அடங்கும். மெமரியைத் தின்பது லேபிள், அதாவது அளவீட்டோடு ஒட்டும் அடையாளக் குறிப்பு. யூசர் ஐடியை லேபிளாக வைத்தால் ஒவ்வொரு யூசருக்கும் தனி சீரிஸ் பிறந்து, பிரோமிதியஸே மெமரி போதாமல் விழும்.

ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்தக் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் இருக்கும்போது இது எதற்கு என்பார்கள். ஏஜென்ட் போடாவிட்டால் ஈசி2 என்ற ஏடபிள்யூஎஸ் வாடகை சர்வரின் மெமரியும் டிஸ்க் நிரம்பிய அளவும் அதில் தெரியாது. அடிப்படை மானிட்டரிங்கில் எண்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான். டி2 மீடியம் வகை சர்வரில், கூடுதல் வேகத்துக்காகச் சேர்த்துவைக்கும் கிரெடிட் தீர்ந்தால் சிபியூ 20 சதவீதத்தில் கட்டுப்பட்டு நிற்கும். கிராஃபைப் பார்த்தால் சர்வர் சும்மா இருப்பதுபோல் தோன்றும், ஆப் ஊர்ந்துகொண்டிருக்கும். நோட் எக்ஸ்போர்ட்டரின் 'ஸ்டீல்' கோட்டை (கேட்டும் கிடைக்காமல் போன சிபியூ நேரம்) சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

சென்னையில் உண்மையான சோதனை அலர்ட்டில்தான். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியில் யுபிஎஸ் இல்லாத ஒரு ஸ்விட்ச் அணைந்து எழுந்தாலே, அதன் பின்னால் இருக்கும் அத்தனைக்கும் அலர்ட் பறக்கும். ரூலில் 'ஃபார்' (கோளாறு இவ்வளவு நேரம் நீடித்தால்தான் அலர்ட்) 2 நிமிடம் வையுங்கள். ஸ்விட்ச் விழுந்தால் அதன் கீழுள்ள அலர்ட்டுகளை அடக்கும் இன்ஹிபிட் ரூலை, அலர்ட்டுகளை அனுப்பிவைக்கும் அலர்ட்மேனேஜரில் எழுதுங்கள். யுபிஎஸ்ஸில் எஸ்என்எம்பி கார்டு (நெட்வொர்க் வழியே நிலையைச் சொல்லும் கார்டு) இருந்தால் பேட்டரியில் மிச்சமுள்ள நிமிடங்களும் எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் (9116) வழியே வரும். சென்சார் மாட்டியிருந்தால் அறை வெப்பமும் வரும். மே மாதத்து ஞாயிறு இரவில் சர்வர் ரூம் ஏசி நின்றால் வேறு எப்படித் தெரியும்?

பெரிய ஓட்டை வேறு. நவம்பர் மழையிலோ தோண்டிய பள்ளத்திலோ ஃபைபர் அறுந்தால், அலுவலகத்துக்குள் இருக்கும் மானிட்டருக்கு எல்லாம் தெரியும், வெளியே சொல்லத்தான் வழி இருக்காது. அதனால் அலுவலகத்தில் ஒன்று, கிளவுடில் ஒன்று என இரண்டு பிரோமிதியஸ் வேண்டும். கிளவுடில் இருப்பது, வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் (9115) மூலம் அலுவலக ஐபியைப் பிங் செய்யட்டும். ஸ்டேட்டிக் ஐபி இல்லாத பிராட்பேண்டில் இது நடக்காது. அங்கே எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஓர் அலர்ட்டை வெளிச் சேவை ஒன்றுக்கு அனுப்பி, அது நின்றால் போன் வரும்படி வைப்பதே வழி. அதே பிளாக்பாக்ஸ் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதியாகும் நாளையும் சொல்லிவிடும்.

கிராஃபானா (3000) பார்க்க அழகு. அழகுக்காக நாற்பது பேனல் வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். ரெஸ்பான்ஸ் டைமுக்குச் சராசரி உதவாது. 95-வது பெர்சென்டைல் (100-ல் 95 கோரிக்கைகள் முடியும் நேரம்) போடுங்கள். அட்மின்/அட்மின் என்ற தொடக்கப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றி, டாஷ்போர்டுகள் சேமிக்கப்படும் எஸ்க்யூலைட் ஃபைலைப் பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள்.

லினக்ஸ் தெரிந்த ஆள் ஒருவராவது இல்லாத அலுவலகம் இதைத் தொடாமல் இருப்பது மேல். சோஹோவின் கண்காணிப்பு மென்பொருளான ஓப்மேனேஜர் போலக் காசு கொடுத்து வாங்குவது அங்கே மலிவாகவே முடியும்.